இரத்தம் எங்கே போகிறது என்று நாங்கள் கேட்கவில்லை

2022 ஆகஸ்டில் அம்மாவுக்கு ஹீமோகுளோபின் 8.2. கோவில்பட்டி பக்கத்துக் கிராமம் ஒன்றில் முப்பது வருடத்துக்கு மேல் சத்துணவு அமைப்பாளராக இருந்தவர். இருநூறு பிள்ளைகளுக்குச் சோறு வடித்த கை. அந்தக் கையால் அரைக் குடம் தண்ணீர் தூக்கினாலே மூச்சு வாங்குகிறது என்றார். பக்கத்தில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். இரும்புச்சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார். வயது 61, இரத்தம் கொஞ்சம் குறையத்தான் செய்யும் என்று அவரும் சொன்னார், நாங்களும் நம்பினோம். முருங்கைக் கீரை, பேரீச்சம்பழம், கருப்பட்டி என்று வீட்டில் ஒரு பட்டாளமே அம்மாவைக் கவனித்தது.

ஏழு மாதம் அப்படியே போனது. நடுவில் ஒருநாள், மலம் கறுப்பாகப் போகிறது என்று அம்மா என்னிடம் மட்டும் மெதுவாகச் சொன்னார். இரும்பு மாத்திரை சாப்பிட்டால் அப்படித்தான் போகும் என்றேன். அது உண்மையும்கூட. ஆனால் குடலுக்குள் இரத்தம் கசிந்தாலும் மலம் கறுக்கும். ஒன்று இன்னொன்றை மறைத்துவிடும் என்பது எனக்கு அன்று தெரியாது.

2023 மார்ச்சில் 6.9க்கு இறங்கிவிட்டது. மதுரைக்குக் கூட்டிப் போனோம். அங்கே இருந்த டாக்டர் பழைய சீட்டுகளை எல்லாம் தேதி வாரியாக அடுக்கி வைத்துப் பார்த்துவிட்டு அம்மாவிடம் கேட்டார்: "உங்களுக்கு மாதவிலக்கு நின்னு எத்தனை வருஷம் இருக்கும்மா?"

"பத்துப் பன்னிரண்டு வருஷம் ஆச்சு சார்."

"அப்போ இவ்வளவு இரத்தம் எங்க போகுது?"

ஏழு மாதத்தில் எங்களில் ஒருவர்கூட அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. மாதவிலக்கு நின்ற பெண்ணுக்கோ, எந்த வயதிலானாலும் ஓர் ஆணுக்கோ இரும்புச்சத்து குறைந்து சோகை வந்தால், இரத்தம் எங்கே இழக்கப்படுகிறது என்று தேட வேண்டும், வயிற்றையும் குடலையும் பார்க்காமல் மாத்திரையை மட்டும் தொடரக் கூடாது என்றார் அவர். இதை நான் இப்போது பார்க்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன். உங்கள் வீட்டிலும் யாராவது மாதக்கணக்கில் இரும்பு மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தால், தயவுசெய்து காரணத்தைக் கேளுங்கள்.

இரண்டு பாட்டில் இரத்தம் ஏற்றினார்கள். வாய் வழியாகக் குழாய் விட்டு இரைப்பையைப் பார்த்ததில் ஒன்றும் இல்லை. அடுத்து கொலோனோஸ்கோப்பி, அதாவது ஆசனவாய் வழியாகக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை என்றார்கள்.

அந்தச் சோதனைக்குப் பயந்து தள்ளிப்போடுகிறவர்கள் நிறையப் பேர், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். சோதனை பெரிய விஷயம் இல்லை, மயக்க ஊசி போட்டு அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. அம்மாவுக்கு எதுவும் நினைவில்லை. சிரமம் எல்லாம் முந்தைய நாள்தான். குடல் சுத்தமாக இருந்தால்தான் உள்ளே தெரியும். இரும்பு மாத்திரையை ஒரு வாரம் முன்பே நிறுத்தச் சொன்னார்கள், அது குடல் சுவரில் கறுப்பாக ஒட்டிக்கொள்ளுமாம். இரண்டு நாள் முன்பிருந்தே கீரை, விதை உள்ள காய்கறி, கொய்யா எதுவும் கூடாது. முந்தைய நாள் தெளிந்த நீராகாரம் மட்டும். சிவப்பு நிற பானம் வேண்டாம், இரத்தம் மாதிரித் தெரியும். பிறகு ஒரு பவுடரை இரண்டு லிட்டர் தண்ணீரில் கரைத்து, பாதியை மாலையிலும் மீதியை மறுநாள் விடியற்காலையிலும் குடிக்க வேண்டும். உப்புக் கரிக்கும், குமட்டும். கொஞ்சம் குளிர வைத்துக் குடித்தால் இறங்குகிறது. பதினைந்து இருபது தடவை கழிவறைக்குப் போக வேண்டி வரும். அம்மாவுக்கு மூட்டுவலி, எங்கள் வீட்டில் உட்காரும் கழிவறை இல்லை. நடுவில் துளை உள்ள பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை முதல் நாளே வாங்கி வைத்தோம். அதை வாங்காமல் இருந்திருந்தால் அம்மா பாதி பவுடரோடு நிறுத்தியிருப்பார்.

வலது பக்கம், ஏறுகுடலில் ஒரு கட்டி. சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். ஆறாவது நாள் முடிவு வந்தது, பெருங்குடல் புற்றுநோய்.

இவ்வளவு பெரிய கட்டி இருந்தும் வலி, மலச்சிக்கல் எதுவும் ஏன் இல்லை என்று தம்பி கேட்டான். டாக்டர் தாளில் ஒரு கேள்விக்குறி மாதிரிக் குடலை வரைந்தார். வலது பக்கம் குடல் அகலம், அங்கே கழிவு கூழ் மாதிரி ஓடும், அதனால் கட்டி வளர்ந்தாலும் அடைக்காது, சத்தமில்லாமல் இரத்தம் மட்டும் கசியும். இடது பக்கம் வர வரக் குடல் குறுகுகிறது, கழிவும் இறுகுகிறது. அங்கே கட்டி வந்தால் பழக்கம் மாறும்: மாறி மாறி மலச்சிக்கலும் பேதியும், மெலிந்து போகும் மலம், போயும் போகாத மாதிரி உணர்வு, கண்ணுக்குத் தெரியும் இரத்தம். அந்த இரத்தத்தைத்தான் நம் ஊரில் எல்லோரும் மூலம் என்று முடிவு கட்டி, துத்திக் கீரையும் கருணைக்கிழங்கும் சாப்பிட்டுக்கொண்டு வருடத்தைக் கடத்துகிறார்கள். பெரும்பாலும் அது மூலமாகவே இருக்கலாம். ஆனாலும் மூலம்தானா என்று ஒரு டாக்டர் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அம்மாவிடம் நாங்கள் சொல்லவில்லை. குடலில் புண், கட்டி மாதிரி இருக்கிறது, வெட்டி எடுத்தால் சரியாகிவிடும் என்றோம். அப்பாவுக்கும் தெரியாது. தம்பியும் நானும் கோப்பைப் பைக்குள் ஒளித்து ஒளித்துத் திரிந்தோம். பத்து நாள் போயிருக்கும். ஆபரேஷனுக்கு அட்மிட் ஆன அன்று சாயந்திரம், பக்கத்துக் கட்டில் அம்மா சாதாரணமாகக் கேட்டுவிட்டார்: "உங்களுக்கு எந்த எடத்துலக்கா கேன்சர்?"

அம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் இருக்கிறது. அழவில்லை. ராத்திரி லைட் அணைத்த பிறகு சொன்னார்: "எனக்கு வந்தத எங்கிட்டயே மறைச்சா, நான் யார்கிட்ட தாயி கேக்குறது?"

மறைத்தது பிழை என்று அன்றுதான் உறைத்தது. அவருக்காக மறைக்கிறோம் என்று நினைத்தோம். நிஜத்தில் அவர் கேட்கப் போகும் கேள்விகளுக்குப் பயந்துதான் மறைத்திருக்கிறோம். மறுநாள் காலை கடைக்குப் போய் ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி வரச் சொன்னார். சத்துணவுக் கணக்கு எழுதிய அதே முத்து முத்தான கையெழுத்தில் கேள்விகளை எழுத ஆரம்பித்தார். டாக்டர் ரவுண்ட்ஸ் வரும்போது நோட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஐந்து நிமிடத்தில் ஐந்து கேள்வி முடிந்துவிடும். நாங்கள் போய் நின்றால் அழுகையை அடக்குவதிலேயே அந்த ஐந்து நிமிடமும் போய்விடும்.

முதல் கேள்வி, "கத்தி பட்டால் பரவும் என்கிறார்களே?" சித்தி சொல்லி அனுப்பியது. டாக்டர் கோபப்படவில்லை. அந்தக் காலத்தில் வயிற்றைத் திறந்து பார்க்கும்போதே நோய் முற்றிப் பரவியிருக்கும், மூடிவிடுவார்கள், ஆள் கொஞ்ச நாளில் இறந்துபோவார், பார்த்தவர்கள் கத்தி பட்டதால்தான் பரவியது என்று சொல்லிவிட்டார்கள் என்றார். பரவாத குடல் புற்றுநோய்க்கு ஆபரேஷன்தான் முதல் வைத்தியம், கட்டியோடு இரண்டு பக்கமும் நல்ல குடலையும் அதை ஒட்டிய நெறிக்கட்டிகளையும் சேர்த்து எடுப்பதே அது பரவாமல் இருக்கத்தான் என்றும் விளக்கினார்.

இரண்டாவது கேள்வி, மலம் வெளியேற வயிற்றில் பை வைக்க வேண்டுமா? அம்மாவுக்கு இதுதான் நோயைவிடப் பெரிய பயம். அம்மாவுக்கு வேண்டியிருக்கவில்லை. வலது பக்கக் குடலை எடுத்துவிட்டு, சிறுகுடலின் நுனியை மீதிப் பெருங்குடலோடு நேராக இணைத்துவிடலாம். ஆசனவாய்க்குப் பக்கத்தில், மலக்குடலில் கட்டி இருப்பவர்களுக்கும், குடல் அடைத்து அவசரமாக ஆபரேஷன் ஆகிறவர்களுக்கும்தான் பை அதிகம் தேவைப்படும். அதிலும் பலருக்கு அது தற்காலிகம், இணைத்த இடம் ஆறும் வரை சில மாதம். எதிர் வார்டில் ஒரு பெரியவருக்கு அப்படி வைத்திருந்தார்கள். பை மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததும் காலி செய்துவிட்டால் கனம் தெரியாது, ஒழுகாது, அதோடேயே குளிக்கலாம், சட்டை போட்டால் வெளியே தெரியாது என்று அவரே சட்டையைத் தூக்கிக் காட்டி எல்லோருக்கும் வகுப்பு எடுத்தார். பேருந்திலேயே ஊருக்குப் போய் வருகிறாராம். பையைப் பற்றி என் மனதில் இருந்த அருவருப்பு அவரால்தான் போனது.

துளை போட்டு ஆபரேஷன் செய்தார்கள், மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆனது. மறுநாளே எழுந்து நடக்க வைத்தார்கள். காற்றுப் பிரிந்ததா என்று டாக்டர், சிஸ்டர், துப்புரவு செய்ய வரும் அக்கா என்று எல்லோரும் கேட்டார்கள். மூன்றாம் நாள் பிரிந்தபோது அப்பா வெளியே போய் அத்தைக்குப் போன் போட்டுச் சொன்னார்.

பத்து நாள் கழித்துப் பெரிய ரிப்போர்ட் வந்தது. அதை எப்படிப் படிப்பது என்று டாக்டர் சொல்லிக் கொடுத்தது எல்லோருக்கும் உதவும். ஸ்கேனை வைத்து முன்பே சொல்லும் ஸ்டேஜ் ஒரு கணிப்புதான், வெட்டி எடுத்ததைச் சோதித்த பிறகு வருவதே உறுதியானது. கட்டி குடல் சுவரில் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது, எத்தனை நெறிக்கட்டிகளைச் சோதித்தார்கள், அதில் எத்தனையில் நோய் இருக்கிறது, வெட்டிய ஓரங்கள் சுத்தமா, இந்த நான்கையும் தேடிப் பாருங்கள். குறைந்தது 12 நெறிக்கட்டியாவது சோதித்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் நோய் இல்லை என்று நம்பிச் சொல்ல முடியாது. அம்மாவுக்கு 18 எடுத்ததில் 2-ல் நோய் இருந்தது. ஓரங்கள் சுத்தம். மூன்றாம் நிலை.

மூன்று என்றதும் தம்பி சுவரில் சாய்ந்துவிட்டான். எத்தனை நாள் இருப்பாங்க என்ற கேள்வியை அவன்தான் கேட்டான், அம்மா இல்லாத நேரத்தில். டாக்டர் நாள் கணக்கு சொல்லவில்லை. குடலைத் தாண்டி அக்கம்பக்கத்து நெறிக்கட்டி வரை வந்த நிலையில், அமெரிக்கப் பதிவேடுகளின்படி ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் ஐந்து வருடத்தைத் தாண்டுகிறார்கள், இது குணப்படுத்தும் நோக்கத்தோடு செய்கிற வைத்தியம், பரவிய நான்காம் நிலையோடு குழப்பிக்கொள்ளாதீர்கள் என்றார். நானும் நோட்டில் எழுதி வைத்தேன். அம்மா அந்தப் பக்கத்தைப் பிறகு படித்திருக்கிறார், ஓரத்தில் ஒரு டிக் இருந்தது.

கீமோ நான்கு தவணை. 21 நாளுக்கு ஒருமுறை ஆக்சாலிபிளாட்டின் டிரிப்ஸ், வீட்டில் 14 நாள் காலையும் இரவும் கேப்சிடாபின் மாத்திரை, அப்புறம் ஏழு நாள் ஓய்வு. பக்கத்தில் ஒருவருக்கு எட்டுத் தவணை, அம்மாவுக்கு மட்டும் ஏன் பாதி, ஏழைகள் என்று குறைத்துவிட்டார்களா என்று அப்பாவுக்கு மனதுக்குள் ஒரு சந்தேகம். அதையும் அம்மா நேராகக் கேட்டார். 12,000-க்கும் அதிகமான நோயாளிகளை வைத்து ஆறு ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்து 2018-ல் வெளியிட்டிருக்கிறார்கள். நோய் உள்ள நெறிக்கட்டி மூன்றுக்குள், கட்டி குடல் சுவரைத் துளைத்து வெளி உறைக்கு வராத நிலை என்றால், இந்த மருந்துச் சேர்க்கைக்கு மூன்று மாதமே ஆறு மாதத்துக்கு ஏறத்தாழ ஈடாக இருக்கிறது, நரம்புப் பாதிப்போ வெகுவாகக் குறைகிறது. காரணம் தெரிந்ததும் அப்பா முகம் தெளிந்தது.

முடி கொட்டவில்லை. இந்த மருந்துகளுக்கு மொட்டையாகக் கொட்டுவது அரிது. நாங்கள் எதிர்பார்க்காதது குளிர்ச்சி. முதல் டிரிப்ஸ் முடிந்த மறுநாள், தோசை மாவை எடுக்க ஃப்ரிட்ஜுக்குள் கை விட்ட அம்மா "ஷாக் அடிக்குது" என்று பாத்திரத்தைக் கீழே போட்டுவிட்டார். ஃப்ரிட்ஜில்தான் மின்கசிவு என்று அப்பா எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டார். மருந்துதான் காரணம். ஆக்சாலிபிளாட்டின் போட்ட முதல் சில நாள் குளிர்ந்தது எதைத் தொட்டாலும் விரல் நுனியில் மின்சாரம் பாய்ந்த மாதிரி இருக்கும், குளிர்ந்த தண்ணீர் குடித்தால் தொண்டை இறுகும். வெதுவெதுப்பான தண்ணீர்தான் குடிக்க வேண்டும், கையுறை போட்டுக்கொள்ள வேண்டும், பானைத் தண்ணீர்கூட வேண்டாம். விரல் மரப்பு அடுத்த தவணை வரையும் போகாமல் இருந்தால், பட்டன் போட முடியவில்லை என்றால், மறக்காமல் சொல்லிவிட வேண்டும், அளவைக் குறைப்பார்கள். ஊசி போட்டது வீணாகிவிடுமோ என்று அம்மா மூன்றாம் தவணையில் அதை மறைத்தார். இன்றும் அவர் கால் விரல்களில் கொஞ்சம் மரப்பு இருக்கிறது.

கேப்சிடாபின் மாத்திரையால் உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து உரியும். வெந்நீரில் கை வைக்காமல், இறுக்கமான செருப்பு போடாமல், காலையும் ராத்திரியும் கிரீம் தடவிக்கொள்ள வேண்டும். ஆடி வெள்ளிக்கு வெறுங்காலோடு கோயில் பிரகாரக் கல்லில் நடந்துவிட்டு வந்து பாதம் கொப்பளித்துப்போனது. மாத்திரையைச் சாப்பாடு முடிந்த அரை மணிக்குள் போட வேண்டும். ஒரு வேளை விட்டுப்போனால் அடுத்த வேளை இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது.

இன்னொன்றை நோட்டில் அடிக்கோடிட்டிருக்கிறார். வீட்டில் சாப்பிடும் எல்லா மாத்திரைகளையும் பையோடு கொண்டுபோய்க் காட்டியதில், பழைய இரும்பு மாத்திரையில் ஃபோலிக் ஆசிட் சேர்ந்திருப்பதை டாக்டர் கவனித்து நிறுத்தினார். கேப்சிடாபினோடு அது சேர்ந்தால் பேதியும் வாய்ப்புண்ணும் கூடுமாம். சத்து மாத்திரைதானே என்று நாங்கள் பட்டியலில் எழுதக்கூட இல்லை. முள்சீத்தா இலைக் கஷாயத்தையும் அன்றே நிறுத்தச் சொன்னார். அது என்ன செய்யும் என்று கேட்டோம். கீமோ நடக்கும்போது ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் ஏற்கெனவே வேலை அதிகம், அளவு தெரியாத ஒன்றை உள்ளே விட்டு ஏதாவது ஆனால் எதனால் ஆனது என்று எனக்கே தெரியாது, கீமோவை நிறுத்த வேண்டி வரும் என்றார்.

வீட்டுச் சுவரில் பெரிய எழுத்தில் இரண்டு வரி எழுதி ஒட்டினோம். காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டால் ராத்திரி என்று பார்க்காமல் கிளம்பு. வழக்கத்தைவிட நாலு தடவைக்கு மேல் பேதி போனால் மாத்திரையை நிறுத்திப் போன் போடு. இரண்டாம் தவணையில் ராத்திரி இரண்டு மணிக்கு 101 ஆனது. வெள்ளணுக்கள் இறங்கியிருந்தன. விடியட்டும் என்று இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

பணம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் 2023-ல் ஒரு குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை கிடைத்தது, வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டியிருந்தது. அப்பா அம்மாவுக்குத் தனி ரேஷன் அட்டை, ஆனால் காப்பீட்டு அட்டை எடுத்திருக்கவில்லை. சதைச் சோதனை முடிவுக்குக் காத்திருந்த ஆறு நாளில் விஏஓவிடம் வருமானச் சான்று வாங்கி வேலையைத் தொடங்கியிருக்கலாம். முடிவு வந்த பிறகு ஓடினோம், அந்த ஓட்டத்தில் ஆபரேஷன் ஒரு வாரம் தள்ளிப்போனது. சேருகிற ஆஸ்பத்திரி திட்டத்தில் இருக்கிறதா, இந்தச் சிகிச்சைக்கே அனுமதி இருக்கிறதா என்று அங்கேயே இருக்கும் காப்பீட்டுப் பிரிவில் முதல் நாளே கேட்டுவிடுங்கள்.

என்ன சாப்பிட்டதால் வந்தது என்ற கேள்வி அம்மாவைப் பல நாள் வாட்டியது. புகையிலை, மது, உடல் பருமன், பதப்படுத்திய இறைச்சி எல்லாம் ஆபத்தைக் கூட்டும் என்பது தெரிந்ததுதான். அம்மாவிடம் அதில் ஒன்றும் இல்லை. குடலில் பாலிப் என்று ஒரு சின்னச் சதை முளைத்து, அது புற்றுநோயாக மாறுவதற்குப் பெரும்பாலும் பத்து வருடம் போல ஆகும், நேற்று சாப்பிட்டதில் வருவதில்லை என்று டாக்டர் சொன்னது அவருக்கு ஆறுதலாக இருந்தது. சர்க்கரை சாப்பிட்டால் கட்டி வளரும் என்று சொல்லி வீட்டில் காபிக்குச் சர்க்கரையை நிறுத்தினோம். எடை குறைய ஆரம்பித்ததும் டாக்டர் திட்டினார். முட்டை, மீன், பருப்பு, தயிர், பிடித்த காபி எல்லாம் திரும்பி வந்தன. ஆபரேஷனுக்குப் பிறகு சில மாதம் மலம் இளகியே போகும், அப்போது கீரையையும் எண்ணெய்ப் பலகாரத்தையும் கொஞ்சம் தள்ளி வைத்தோம், அவ்வளவுதான். ஒட்டிக்கொள்ளும் என்று அம்மாவே தன் தட்டையும் டம்ளரையும் தனியாக வைத்திருந்தார். என் மகள் வேண்டுமென்றே அந்த டம்ளரில் பால் குடித்து அதை முடித்து வைத்தாள்.

நோய் திரும்புகிறதா என்று கவனிக்க, இப்போது சி.இ.ஏ. என்ற இரத்தச் சோதனை, ஸ்கேன், ஆபரேஷன் முடிந்து ஒரு வருடத்தில் கொலோனோஸ்கோப்பி என்று ஐந்து வருடம் வரை பார்க்க வேண்டும். ஆபரேஷனுக்கு முன் 11.4 இருந்த சி.இ.ஏ. 2.1க்கு வந்தது. அடுத்த முறை 2.9 என்று பார்த்ததும் தம்பியும் நானும் இரண்டு நாள் தூங்கவில்லை. 5க்குள் இப்படி ஏறி இறங்கும், தொடர்ந்து ஏறிக்கொண்டே போகிறதா என்றுதான் பார்க்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். அம்மா தினமும் கண்மாய்க் கரையில் முக்கால் மணி நேரம் வேகமாக நடக்கிறார். கீமோ முடித்த குடல் புற்றுநோயாளிகளுக்கு மூன்று வருடம் முறையான உடற்பயிற்சி கொடுத்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2025-ல் வெளிவந்தது. ஐந்து வருடத்தில் நோய் திரும்பாமல் இருந்தவர்கள் பயிற்சி செய்தவர்களில் 80 சதவீதம், மற்றவர்களில் 74 என்று படித்துக் காட்டியதும், மழை நாளிலும் குடையோடு கிளம்பிவிடுகிறார்.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரு கேள்வி: "என் பிள்ளைகளுக்கு வருமா?" கட்டியை எம்.எம்.ஆர். என்ற சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். அது குறைபாடாக வந்தால் பரம்பரையாக வரும் வகையா என்று மேலும் பார்ப்பார்கள். கர்ப்பப்பைப் புற்றுநோயும் அந்தக் குடும்பங்களில் வரும் என்பதால் பாட்டி, சித்திமார் வரை விசாரித்தார்கள். அம்மாவுக்கு அப்படி இல்லை. ஆனாலும் பெற்றவருக்கோ கூடப்பிறந்தவருக்கோ வந்திருந்தால் மற்றவர்கள் 40 வயதில், அல்லது அவருக்கு வந்த வயதுக்குப் பத்து வருடம் முன்பு, எது முதலில் வருகிறதோ அப்போது கொலோனோஸ்கோப்பி செய்துகொள்ள வேண்டும். மாமா இன்னும் வர மாட்டேன் என்கிறார். அம்மா விடுவதாக இல்லை.

எனக்குப் போன வருடம் 40 முடிந்தது. சோதனையில் ஆறு மில்லிமீட்டரில் ஒரு பாலிப் இருந்தது, அப்போதே எடுத்துவிட்டார்கள். ஐந்து வருடம் கழித்து வரச் சொல்லியிருக்கிறார்கள். அதற்கு முந்தைய மாலை எனக்குப் பவுடர் கரைத்துக் கொடுத்தது அம்மாதான். சத்துணவுக் கூடத்தில் எண்ணெய் அளந்த பழைய லிட்டர் குவளையில் இரண்டு தடவை தண்ணீரை அளந்து ஊற்றி, கட்டி தட்டாமல் கலக்கி, ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்து வந்தார். "மூக்கைப் பிடிச்சுக்கிட்டு ஒரே மடக்கா குடி தாயி, அப்புறம் ஒரு எலுமிச்சைத் துண்டு வாயில வச்சுக்கோ" என்று சொல்லி, நான் கடைசி டம்ளர் முடிக்கும் வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.